மஸ்டா நரகம்: ஒரு கார் நிறுவனத்தின் பெயரும் அதன் பழைய வண்டியின் விலையும்

ஜப்பானில் கார் வாங்கி விற்போரிடையே ‘மட்சுதா ஜிகோகு’ என்றொரு வழக்கு நெடுங்காலம் இருந்தது. தமிழில் ‘மஸ்டா நரகம்’ என்று சொல்லலாம். புதிய மஸ்டா ஒன்றைப் பெருந்தள்ளுபடியில் வாங்கிய ஒருவர், நான்கைந்து ஆண்டுகள் கழித்து வேறு நிறுவனத்து வண்டிக்கு மாறலாம் என்று போனால், அங்கே அவருடைய பழைய வண்டிக்கு அடிமாட்டு விலைதான் சொல்வார்கள். மஸ்டா டீலர் மட்டும், அடுத்த வண்டியையும் தன்னிடமே எடுப்பதானால், கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார். வேறு வழியில்லாமல் அவரும் மறுபடி தள்ளுபடியில் ஒரு மஸ்டாவையே வாங்குவார்; அந்த வண்டிக்கும் பின்னாளில் அதே கதிதான். உள்ளே நுழைவது எளிது, வெளியே வருவது அரிது என்பதால் அதற்கு நரகம் என்று பெயர் வைத்தார்கள்.

இதே நிறுவனம்தான் மற்ற பெரிய நிறுவனங்கள் கைவிட்ட ரோட்டரி என்ஜினைப் பல லட்சம் வண்டிகளில் ஓடவைத்தது. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனமும், உலகில் மிக அதிகமாக விற்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்த நிறுவனமும் இதுவே. பொறியாளர்கள் மெச்சிய ஒரு பெயரைப் பழைய வண்டிச் சந்தை ஏன் இவ்வளவு மலிவாக மதித்தது என்பதும், அந்த மதிப்பு பின்னர் எப்படி மாறியது என்பதுமே இவ்வாய்வின் பொருள். அந்த நற்பெயரும் இந்தக் கெட்ட பெயரும் ஒரே பழக்கத்திலிருந்து வந்தவை என்பது என் கணிப்பு. தனக்கு மட்டுமே உரிய ஒரு பொருளின் மேல் முழு நிறுவனத்தையும் பணயம் வைப்பதும், அது சறுக்கியபோது ஆலையை ஓட்டுவதற்காக விலையை வெட்டுவதும் இங்கே மீண்டும் மீண்டும் நடந்தன.

கார்க்கிலிருந்து காருக்கு

1920 ஜனவரி 30இல் ஹிரோஷிமாவில் தொடங்கியபோது இந்த நிறுவனத்தின் பெயர் டோயோ கார்க் கோக்யோ. மரப்பட்டையிலிருந்து கார்க் செய்வதே அதன் தொழில். அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்த ஜூஜிரோ மட்சுதா இயந்திரத் தொழிலின் பக்கம் நிறுவனத்தைத் திருப்பினார்; 1927இல் பெயரிலிருந்த கார்க் உதிர்ந்து டோயோ கோக்யோ ஆனது. 1931இல் வெளிவந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டிதான் ‘மஸ்டா’ என்ற பெயரைத் தாங்கிய முதல் வாகனம். ஜரதுஷ்டிர சமயத்தின் முதன்மைக் கடவுளான அஹுர மஸ்டாவின் பெயரும், நிறுவனத் தலைவரின் குடும்பப் பெயரும் அதில் ஒன்றாக அமைந்தன. ஜப்பானியர் இன்றும் அதை ‘மட்சுதா’ என்றே உச்சரிக்கிறார்கள்.

1945 ஆகஸ்ட் 6 ஜூஜிரோவின் 70ஆவது பிறந்தநாள். அன்று காலைதான் ஹிரோஷிமாவின் மேல் அணுகுண்டு விழுந்தது. அவர் உயிர் தப்பினார். நகர மையத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் ஃபுச்சூவில் இருந்த ஆலையை இடையிலிருந்த ஹிஜியாமா குன்று ஓரளவு மறைத்துக் காத்தது. நகரம் சாம்பலான பின் மாகாண நிர்வாகமே அந்த ஆலை வளாகத்தில் குடியேறி 1946 ஜூலை வரை அங்கிருந்து இயங்கியது. 1945 டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டிகள் மீண்டும் உருவாகத் தொடங்கின. இடிபாடுகளை அள்ளவும் பொருள்களைக் கொண்டுசேர்க்கவும் அவை உடனே தேவைப்பட்டன. ஊருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான இந்தப் பிணைப்பு வெறும் உணர்ச்சிக் கதையாக நிற்கவில்லை. 30 ஆண்டுகள் கழித்து நிறுவனம் திவாலின் விளிம்புக்கு வந்தபோது அதைத் தாங்கிய கைகளில் அந்த ஊரின் கையும் ஒன்று.

பிசாசின் நகக்கீறல்

முதல் பயணிகள் கார் 1960இல்தான் வந்தது: 356 சிசி என்ஜின் பொருத்திய ஆர்360 என்னும் சிற்றுந்து, விலை 3 லட்சம் யென். அப்போது டோக்கியோவின் வர்த்தக அமைச்சகம், கார் நிறுவனங்கள் எண்ணிக்கையில் மிகுந்துவிட்டன, சிலவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அப்படி ஓர் இணைப்பு வந்தால் ஹிரோஷிமாவின் மூன்று சக்கர வண்டிக்காரர்களை விழுங்குவார்களே தவிர வளர்க்கமாட்டார்கள் என்பதை ஜூஜிரோவின் மகன் சுனேஜி மட்சுதா உணர்ந்தார். பிறரிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்று தேடிய அவர், 1961இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து, ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த ரோட்டரி என்ஜினுக்கான உரிமத்தை வாங்கினார்.

அந்த என்ஜினில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பிஸ்டன் கிடையாது. நடுவில் சற்று ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள், மூன்று முனை கொண்ட ஒரு சுழலி ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல மையம் விலகிச் சுழலும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவதும், அழுந்துவதும், வெடிப்பதும், புகை வெளியேறுவதும் அதன் மூன்று பக்கங்களிலும் மாறி மாறி நடக்கும். உறுப்புகள் குறைவு, அதிர்வு குறைவு, எடையும் குறைவு. ஆனால் சுழலியின் ஒவ்வொரு முனையிலும் உள்ள சீல், கூட்டின் உட்சுவரை ஓயாமல் உரசிக்கொண்டே காற்று கசியாமல் காக்க வேண்டும். தொடக்கத்தில் அது சுவரில் அலையலையாகக் கீறல் போட்டது. சில நூறு மணி நேர ஓட்டத்திலேயே என்ஜின் பாழானது. ஹிரோஷிமாப் பொறியாளர்கள் அந்தக் கீறலுக்குப் ‘பிசாசின் நகக்கீறல்’ என்று பெயர் வைத்தார்கள்.

1963இல் இதற்கென்று தனிப் பிரிவு அமைத்து, கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்களை அதில் சேர்த்தார்கள். தலைவனுக்காகப் பழிதீர்த்து உயிர்விட்ட 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால், அந்த எண் தற்செயலாக அமைந்திருந்தாலும் இவர்களுக்கும் அந்த 47 சாமுராய்களின் பேரே நிலைத்துவிட்டது. சீல் சுவரில் அதிர்ந்து குதிப்பதால்தான் கீறல் விழுகிறது என்று கண்டறிந்து, அந்த அதிர்வை மாற்ற சீலுக்குள் குறுக்கும் நெடுக்கும் துளையிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த பொருளில் செய்த சீல் கைகொடுத்தது. 1967 மே 30இல் இரண்டு சுழலிகள் கொண்ட காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதில் 1972 வரை செய்தவை மொத்தம் 1,176 வண்டிகளே. விற்பனைக் கணக்கில் அது ஒன்றுமில்லை; பெயர்க் கணக்கில் அதற்கு ஈடில்லை. உரிமத்தை விற்ற என்எஸ்யு அதே ஆண்டில் கொண்டுவந்த ஆர்ஓ80 காரோ, சீல் கோளாறுகளால் உத்தரவாதச் செலவை ஏற்றி, அந்த நிறுவனம் 1969இல் ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போக ஒரு காரணமானது.

இங்கே ஒரு பொறி வைக்கப்பட்டுவிட்டது. யாராலும் முடியாததைச் செய்தவர்கள், எல்லா வண்டியிலும் அதையே பொருத்தலாம் என்று நம்பத் தொடங்கினார்கள். 1970இல் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தபோது ரோட்டரியே மஸ்டாவின் அடையாளமானது. வேகமாகவும் மெதுமெதுப்பாகவும் ஓடிய அந்தக் கார்கள் மூன்றே ஆண்டுகளில் பெரிதாக விற்றன.

லிட்டருக்கு 5 கிலோமீட்டர்

ரோட்டரியின் எரியறை நீண்டு தட்டையானது. அதன் சுவர்ப் பரப்பு பெரிது. ஆகவே வெப்பம் சுவர் வழியே வீணாகும், சுடர் மூலைகளை எட்டுமுன் அறை நகர்ந்துவிடும், எரியாத பெட்ரோல் புகையோடு போய்விடும். அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டு காற்றுத் தூய்மைச் சட்டத்துக்காக, அந்த எரியாத மீதத்தை வெளியேற்றுக் குழாயருகே ஒரு வெப்ப அறையில் எரித்துத் தீர்க்கும் ஏற்பாட்டை மஸ்டா செய்தது. சட்டத்தின் கடும் வரம்பை மிக முன்னதாகவே எட்டிய நிறுவனங்களில் ஒன்று என்ற பெருமையும் அதனால் கிடைத்தது. ஆனால் அந்த அறை அணையாமல் எரிய, என்ஜினுக்குள் பெட்ரோல் செறிவாகவே போக வேண்டும். புகையைச் சுத்தம் செய்த வழியே பெட்ரோலைக் குடிக்கும் வழியாகவும் ஆனது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அடுத்த சில மாதங்களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட எரிபொருள் கணக்கில், ரோட்டரி மஸ்டா நகர ஓட்டத்தில் லிட்டருக்கு 5 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை என்று இருந்தது. மஸ்டா அந்தச் சோதனை முறையையே எதிர்த்து வாதாடியது. தன் கணக்கு வேறு என்றது. பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நின்றவர்களிடம் அந்த வாதம் எடுபடவில்லை. விற்பனை சரிந்தது, துறைமுகங்களிலும் ஆலை முற்றங்களிலும் விற்காத வண்டிகள் தேங்கின. தனக்கென்று ஒரு ரோட்டரியை உருவாக்கிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1974இல் அந்தத் திட்டத்தையே கிடப்பில் போட்டது. தோல்வி தெரிந்தவுடன் விலகிக்கொள்ள அதனால் முடிந்தது. ஹிரோஷிமாவுக்கு விலக இடமில்லை.

1975இல் நிறுவனம் பெரும் நட்டத்தில் விழுந்தது. முதன்மையாகக் கடன் கொடுத்திருந்த சுமிட்டோமோ வங்கி தலையிட்டு, 1976இல் சுட்டோமு முராய் என்ற தன் அதிகாரியை உள்ளே அனுப்பியது. 1977இல் மட்சுதா குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையான கோஹெய் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஆள்குறைப்புக்குப் பதிலாக, ஆலையில் திருகு முடுக்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை டீலர்களிடம் அனுப்பிக் கார் விற்கச் சொன்னார்கள். ஹிரோஷிமாவில் உள்ளூர் வணிகர்கள் கியோஷின்காய் என்ற அமைப்பின் வழியே ‘மஸ்டாவை வாங்குவோம்’ என்று இயக்கம் நடத்தினார்கள். அதே 1975இல், நிறுவனத்தின் பழைய பெயரைத் தன் பெயரில் சுமக்கும் ஹிரோஷிமா டோயோ கார்ப் பேஸ்பால் அணி முதன்முறையாகத் தன் லீக் கோப்பையை வென்றது என்பதை அவ்வூர்க்காரர்கள் இன்றும் சேர்த்தே சொல்வார்கள். 1979இல் ஃபோர்டு ஏறத்தாழ 25 விழுக்காடு பங்குகளை வாங்கியது.

மீட்சி இரண்டு பாதைகளில் வந்தது. யாமமோட்டோவின் அணி ரோட்டரியின் எரிபொருள் செலவை 40 விழுக்காடு குறைப்பது என்று சூளுரைத்து அதை நடத்திக்காட்டியது. அந்த என்ஜினுக்குப் பொருத்தமான இடம் குடும்பக் காரல்ல, ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று 1978இன் ஆர்எக்ஸ்-7 தெளிவுபடுத்தியது. பிழைப்பை நடத்தியதோ சாதாரண பிஸ்டன் என்ஜின் பொருத்திய ஃபமிலியா. 1980இல் வந்த முன்சக்கர இயக்க ஃபமிலியா ஜப்பானின் முதல் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருதைப் பெற்று, 27 மாதங்களில் 10 லட்சத்தைத் தாண்டியது. 1984இல் நிறுவனம் மஸ்டா மோட்டார் கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டே யாமமோட்டோ அதன் தலைவரானார்.

தமிழ்நாட்டார் இந்தப் பெயரை அறிந்தது அக்காலத்தில்தான், அதுவும் கார் வழியே அல்ல. பஞ்சாப் டிராக்டர்ஸ், மஸ்டா, சுமிட்டோமோ ஆகியவை சேர்ந்து பஞ்சாபில் தொடங்கிய ஸ்வராஜ் மஸ்டாவின் சிறு லாரிகளும் வேன்களும் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளில் ஓடின. இங்கே ‘மஸ்டா’ என்றால் வேன். அதன் பழைய விலையை யாரும் நரகம் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. 2011இல் அந்த நிறுவனத்தின் பெயர் எஸ்எம்எல் இசுஸு என்று மாறியது.

ஐந்து கடை, ஒரே சரக்கு

1980களின் இறுதியில் ஜப்பானில் நிலமும் பங்கும் ஊதிப் பெருத்த காலத்தில், டொயோட்டாவுக்கும் நிஸ்ஸானுக்கும் பல டீலர் வலையமைப்புகள் இருப்பதைப் பார்த்து மஸ்டாவும் ஐந்து வலையமைப்புகளை விரித்தது. மஸ்டா, யூனோஸ், ஆட்டோஸாம், ஆன்ஃபினி, ஃபோர்டு வண்டிகளுக்கான ஆட்டோரமா என்பவை அவை. இந்த ஆய்வின் கரு என்று ஒரு முடிவைச் சுட்டச் சொன்னால் இதைத்தான் சுட்டுவேன். தனித்தன்மையால் பிழைத்த ஒரு நடுத்தர நிறுவனம், இங்கே முதன்முறையாகப் பெரியவர்களைப் போல நடக்க முயன்றது.

கடைகள் ஐந்தானதால் ஒவ்வொன்றுக்கும் சரக்கு வேண்டும். 1991இல், பல ஆண்டுகளாக வாங்குவோர் அறிந்திருந்த கப்பெல்லா என்ற பெயரைக் கைவிட்டு, க்ரோனோஸ் என்ற புதுப்பெயரில் ஒரு செடானைக் கொண்டுவந்தார்கள். அதே அடித்தளத்தில் எம்எஸ்-6, எம்எஸ்-8, க்ளெஃப், யூனோஸ் 500, ஃபோர்டு டெல்ஸ்டார் என்று கடைக்கொரு பெயரில் உடன்பிறப்புகள் பிறந்தன. எது யாருக்கு, எது எதைவிட உயர்ந்தது என்பது விற்றவருக்கே குழப்பம். கார் விரும்பிகள் இதைப் பின்னர் ‘க்ரோனோஸ் துயரம்’ என்று அழைத்தார்கள். அந்த வண்டிகளில் சில உண்மையில் அழகானவை. யூனோஸ் 500இன் உடல் வடிவை இன்று பார்த்தாலும் கண் நிற்கும். பெயர் தெரியாத அழகுக்குச் சந்தையில் விலை இல்லை என்பதே அதன் கதி.

முரண் என்னவென்றால், நிறுவனத்தின் புகழ் உச்சிக்குப் போனதும் அதே ஆண்டில்தான். 1991 ஜூன் மாத லெ மான் பந்தயத்தில், ஆரஞ்சும் பச்சையும் பூசிய 55ஆம் எண் 787பி கார், நான்கு சுழலி கொண்ட என்ஜினின் கூரிய அலறலோடு 362 சுற்றுகளை முடித்து முதலில் வந்தது. வோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான்ட் கஷோ ஆகிய மூவரும் ஓட்டினார்கள். கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஹெர்பர்ட் உடலில் நீர் வற்றி மயங்கியதால் மேடையேற முடியவில்லை. போட்டியாளர்களின் கார்கள் 1,000 கிலோ எடையோடு ஓட வேண்டியிருக்க, மஸ்டா பேசிப் பெற்ற 830 கிலோ வரம்பும் வெற்றிக்கு உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வெற்றி உலகெங்கும் பேசப்பட்டது. ஜப்பானியக் கடைகளில் நின்ற க்ரோனோஸை அது விற்றுக்கொடுக்கவில்லை.

1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான எம்எக்ஸ்-5 ரோட்ஸ்டர் மட்டும் விதிவிலக்கு. யாமமோட்டோவிடம் ஓர் அமெரிக்கக் கார் எழுத்தாளர் எளிய, மலிவான, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று செய்யச் சொன்னது 1979இல். அது பத்தாண்டு கழித்து உருவானபோது, குதிரையும் வீரனும் ஓருடலாவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற சொல்லை அதன் இலக்கணமாக வைத்தார்கள். 2016இல் அது 10 லட்சத்தைத் தொட்டது.

பொருளாதாரக் குமிழி உடைந்ததும் ஐந்து கடைகளும் சுமையாயின. அமெரிக்காவுக்கென அறிவித்த அமாட்டி என்ற சொகுசுப் பெயர், ஒரு வண்டிகூட விற்குமுன் 1992 அக்டோபரில் கைவிடப்பட்டது. ஆலைகள் ஓட வேண்டும், கடைகள் கணக்குக் காட்ட வேண்டும். மிச்சமிருந்த ஒரே கருவி தள்ளுபடி. கணக்குக்காக எடுத்துக்கொண்டால், 20 லட்சம் யென் விலைப்பட்டியல் போட்ட வண்டியை 15 லட்சத்துக்குக் கொடுத்தால், சந்தைக்கு அதன் உண்மை விலை 15 லட்சம்தான். பழையதாகி வரும்போது தேய்மானம் அங்கிருந்தே தொடங்கும். பழைய விலை இறங்க இறங்க, புதியதை விற்க இன்னும் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும். முதலில் சொன்ன நரகம் இப்படித்தான் கட்டப்பட்டது. வண்டியின் தரம் இந்தச் சுழலில் எந்த இடத்திலும் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல வண்டியும் இதே வழியில்தான் மலிந்தது.

1996இல் ஃபோர்டு தன் பங்கை 33.4 விழுக்காடாக உயர்த்தி ஹென்றி வாலஸைத் தலைவராக்கியது. ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்குத் தலைவரான முதல் வெளிநாட்டவர் அவர். பின்னர் வந்த மார்க் ஃபீல்ட்ஸின் காலத்தில் 2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தபோது, எதிர்பார்த்த 1,800 பேரைவிடக் கூடுதலானோர் முன்வந்தார்கள். தொழிலாளரை வேலைநீக்கம் செய்யாமல் கார் விற்க அனுப்பிய நிறுவனத்தில் அது ஒரு காலம் முடிந்ததன் அடையாளம். ஃபோர்டு கணக்கு வழக்கை ஒழுங்காக்கியது, உதவாத பெயர்களைக் களைந்தது. பழைய வண்டியின் விலையை அது தொடவில்லை.

இக்காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு வகைக் களங்கமும் சேர்ந்தது. அங்கே மியாட்டா என்ற பெயரில் விற்ற எம்எக்ஸ்-5இன் 2001ஆம் ஆண்டு வண்டியின் குதிரைத்திறனை மிகைப்படுத்திச் சொன்னது வெளியாகி, வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. இரண்டே ஆண்டில் ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-8க்கும் அதே நிலை, 250 என்று விளம்பரம் செய்ததை 238 ஆகக் குறைத்தார்கள். அந்த ஆர்எக்ஸ்-8இன் என்ஜினுக்குப் பின்னர் 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று உத்தரவாதத்தை நீட்டவும் வேண்டியிருந்தது. 2011இல் மஸ்டா6 கார்களின் பெட்ரோல் ஆவிக் குழாயில் சிலந்தி வலை கட்டி அடைப்பதாகச் சொல்லி 50,000க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்ததை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, குற்றம் சிலந்தியுடையது.

விலையை மீட்டல்

2008இன் நிதி நெருக்கடியில் ஃபோர்டுக்கே மூச்சுத் திணறியது. அது தன் பங்கை அந்த ஆண்டு நவம்பரில் 13 விழுக்காட்டளவுக்கும், 2010இல் 3.5 விழுக்காட்டுக்கும் குறைத்தது. 2015க்குள் முழுவதும் விலகியது. யென்னின் மதிப்போ ஏறிக்கொண்டே போய், 2011இல் ஒரு டாலருக்கு 75 யென் என்ற அளவைத் தொட்டது. உள்நாட்டில் செய்து வெளிநாட்டில் விற்கும் மஸ்டா தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நட்டம் கண்டது. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டின் நட்டம் மட்டும் 10,770 கோடி யென்.

அந்த நிலையில் எடுத்த முடிவு, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். மற்றவர்கள் ஹைப்ரிடுக்கும் மின்சாரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, மிட்சுவோ ஹிட்டோமியின் அணி சாதாரண பெட்ரோல் என்ஜினையே அடியிலிருந்து மாற்றி வடிவமைத்தது. காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு இறுக்கி அழுத்துகிறோமோ அவ்வளவு சக்தி மிஞ்சும். ஆனால் அளவு மீறினால் தீப்பொறிக்கு முன்பே அது தானாக வெடித்து என்ஜின் ‘தட்டும்’. ஆகவே சாதாரணமாக 10, 11 மடங்கோடு நிறுத்திக்கொள்வார்கள். ஸ்கைஆக்டிவ் என்று பெயரிட்ட என்ஜினில் அதை 14 மடங்குக்குக் கொண்டுபோனார்கள். முந்தைய சுற்றின் சூடான புகை சிலிண்டருக்குள் தங்காதபடி வெளியேற்றுக் குழாய்களை நீட்டி நான்கை இரண்டாக்கி இரண்டை ஒன்றாக்கியதும், பிஸ்டன் தலையில் குழி வைத்ததும் அதற்கு வழிசெய்தன. டீசலில் அதற்கு நேர்மாறாக அழுத்தத்தைக் குறைத்து அதே 14இல் நிறுத்தினார்கள். கரிப்புட்டியைக் கையில் தூக்கிக்காட்டி டோக்கியோ ஆளுநர் 1999இல் டீசல் லாரிகளுக்கு எதிராகப் போர் தொடுத்த நாட்டில், 2012 பிப்ரவரியில் வந்த சிஎக்ஸ்-5ஐ வாங்கியவர்களில் பெரும்பான்மையோர் டீசலையே கேட்டார்கள். அந்த வண்டி அவ்வாண்டின் சிறந்த காராகவும் தேர்வானது.

ஆனால் பழைய விலையை மீட்டது என்ஜின் மட்டுமில்லை. எல்லா வண்டிகளையும் ஒரே குடும்பமாக முன்கூட்டியே திட்டமிட்டு, ஒரே ஆலை வரிசையில் பலவகை வண்டிகளைச் செய்யும்படி மாற்றியதால், ஒரு மாடல் விற்காதபோது அதைத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி தளர்ந்தது. வடிவமைப்புக்குப் பொறுப்பேற்ற இக்குவோ மாயேதா, முதல் ஆர்எக்ஸ்-7ஐ வரைந்தவரின் மகன், எல்லா வண்டிக்கும் ஒரே முகச்சாயலைக் கொடுத்தார். மூன்று பூச்சில் ஆழம் தெரியும் சிவப்பு நிறம் ஒன்று மஸ்டாவின் கையெழுத்தாகவே ஆனது. இவற்றோடு, தள்ளுபடியைச் சுருக்கி விலைப்பட்டியலுக்கு அருகிலேயே விற்பது என்ற கொள்கையையும் டீலர்களிடம் வற்புறுத்தினார்கள். எண்ணிக்கையை விட்டுக்கொடுத்து விலையைப் பிடித்துக்கொள்வது, ஆலையை ஓட்டத் தள்ளுபடி கொடுத்தே பழகிய ஒரு விற்பனைப் படைக்குப் பத்தியம் இருப்பது போன்றது. பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆயின. சில ஆண்டுகள் ஓடிய சிஎக்ஸ்-5களும், ஜப்பானில் அட்டென்சா என்று விற்ற மஸ்டா6களும் பழையதாகச் சந்தைக்கு வந்தபோது, பிற நிறுவனக் கடைகளும் அவற்றுக்கு நியாயமான விலை சொன்னார்கள். ‘மஸ்டா நரகம்’ என்ற சொல்லை இன்று முந்தைய கால வழக்காகவே குறிப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதே மருந்தை 2016 முதல் கொடுத்தவர் மசஹிரோ மோரோ. ஊக்கத்தொகையைக் குறைத்து, கடைகளைப் புதுப்பிக்கச் செய்து, விற்ற வண்டியின் எஞ்சிய மதிப்பையே அளவுகோலாக வைத்தார். 2023இல் அவரே நிறுவனத்தின் தலைவரானார். 2020இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் நம்பகத்தன்மை வரிசையில் டொயோட்டாவையும் லெக்ஸஸையும் தாண்டி மஸ்டா முதலிடம் பெற்றது. டொயோட்டாவோ அதற்கு முன்பே, 2017இல், மஸ்டாவின் 5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக் கூட்டாளியாகியிருந்தது. இருவரும் சேர்ந்து அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் ஆலை கட்டினார்கள்.

மீதி இருப்பவை

மீட்ட பெயரும் கறையில்லாதது அல்ல. கரி படியும் கோளாறுக்காக 2018இல் ஜப்பானில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மெச்சப்பட்ட அதே டீசல்தான். 2024 ஜூனில் டொயோட்டா, ஹோண்டா, சுஸுகி, யமஹா ஆகியவற்றோடு மஸ்டாவும் சான்றிதழ்ச் சோதனை முறைகேட்டை ஒப்புக்கொண்டது. சில மாடல்களின் மோதல் சோதனையில் காற்றுப்பையைக் காரின் உணரி விரிக்காமல் முன்குறித்த நேரத்தில் விரியச் செய்திருந்தார்கள். வேறு இரண்டின் என்ஜின் சோதனையில் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருந்தார்கள். மஸ்டா2, ரோட்ஸ்டர் ஆர்எஃப் ஆகியவற்றின் அனுப்புகை நிறுத்தப்பட்டது. பாதுகாப்பில் குறையில்லை என்று நிறுவனம் விளக்கியது உண்மையாகவே இருக்கலாம். குதிரைத்திறன் எண்ணைத் திருத்த நேர்ந்த நிறுவனத்திடமிருந்து வரும்போது அந்த விளக்கத்துக்கு எடை சற்றுக் குறைவுதான்.

ரோட்டரியும் இன்னும் சாகவில்லை. 2012இல் ஆர்எக்ஸ்-8ஓடு நின்றுபோன அது, 2023இல் எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில் ஒற்றைச் சுழலியாகத் திரும்பி வந்தது. சக்கரத்தைச் சுழற்றுவது அதன் வேலையில்லை, மின்கலத்துக்கு மின்சாரம் ஊட்டுவதே வேலை. 2002இல் கடைசியாக வந்த ஆர்எக்ஸ்-7 ஸ்பிரிட் ஆர் வண்டியை 39,98,000 யென்னுக்கு விற்றார்கள். இன்று ஏலத்தில் அதன் விலை 1 கோடி யென்னைத் தாண்டிப் போகிறது. அந்தப் பழைய ஆர்எக்ஸ்-7களுக்கான உதிரி பாகங்களை ஹிரோஷிமாவில் நிறுவனமே மறுபடி செய்து கொடுக்கிறது. முதல் தலைமுறை ரோட்ஸ்டரை ஆலைக்கே கொண்டுவந்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு புதிதுபோல் ஆக்கித் தரும் ஏற்பாட்டையும் 2017இல் தொடங்கினார்கள்.